மேடும் புழுக்கமும்: நடக்கலாம், ஓடலாம், விழாமல் இருக்கலாம்
(உடல்நலப் பாடம்: குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுவதற்கு)



சேமிப்பு, கடன், வங்கி, கணக்கு என்று எத்தனையோ பாடம் படித்துவிட்டோம். இந்த முறை நம் உடம்பைப் பற்றிப் பேசலாம். "காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கோம், இதுல தனியா வேற ஓடணுமா?" என்று நீங்கள் கேட்பது எங்களுக்குத் தெரியும். கேள்வி நியாயமானது. பதில் சொல்வதற்கு முன்னால் எங்களுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாடமே அதிலிருந்து வந்ததுதான்.

அன்று நடந்தது

சில வருடங்களுக்கு முன் வண்டலூர் பக்கத்து ஊராட்சி ஒன்றில் மகளிர் தின விழா நடத்தினோம். காலை 9 மணிக்குத் தொடங்க வேண்டிய விழா, பேச வந்தவர்களுக்காகக் காத்திருந்து 10 மணிக்கு மேல்தான் தொடங்கியது. வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடிந்து விளையாட்டுப் போட்டி ஆரம்பிக்கும்போது மணி பதினொன்றரை ஆகிவிட்டது. லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர், கடைசியில் ஓட்டப்பந்தயம். மைதானத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது.

மார்ச் மாதம்தான், அக்கினி நட்சத்திரம் கிடையாது. "இன்னிக்கு வெயில் பரவாயில்லையே" என்றுதான் நாங்களும் பேசிக்கொண்டோம். ஆனால் காற்றே இல்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கே முதுகு நனைந்து சேலை ஒட்டிக்கொண்டிருந்தது.

பந்தயத்தில் ஓடியவர்களில் ஓர் அக்காவுக்கு வயது நாற்பதுக்கு மேல். அன்று விரதம். சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். பள்ளியில் கழிவறை பூட்டியிருந்ததால் தண்ணீரும் குடிக்கவில்லை. பாதி தூரம் முதலாவதாக ஓடியவர், திடீரென்று தள்ளாடிக் கீழே விழுந்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? சுற்றிக் கூட்டமாக நின்றோம். ஒருவர் சோடா உடைத்து வாயில் ஊற்றப் போனார். இன்னொருவர் கையில் இரும்புச் சாவி கொடுக்கச் சொன்னார். அப்போது நர்சிங் படிக்கும் ஓர் உறுப்பினரின் மகள்தான் கூட்டத்தை விலக்கி, "வாயில எதுவும் ஊத்தாதீங்க" என்று தடுத்தார். நிழலுக்குத் தூக்கிப் போய், ஒருக்களித்துப் படுக்கவைத்து, குடத்துத் தண்ணீரைக் கழுத்திலும் தலையிலும் ஊற்றி, அட்டையால் விசிறினார். 108 வந்தது. சாயங்காலம் அந்த அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மேடம், யாரு பர்ஸ்ட்டு?"

அவர் சிரித்துவிட்டார். எங்களால் முடியவில்லை. போட்டியை நடத்தியது நாங்கள். நேரத்தை வைத்தது நாங்கள். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போடறீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்காதவர்களும் நாங்கள்தான். அடுத்த இரண்டு மாதம் அவர் வீட்டுக்காரர் அவரைக் கூட்டத்துக்கே அனுப்பவில்லை. உடம்பும் போய், குழுவும் போகிற நிலை. ஊக்குநரும் பிரதிநிதியும் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகுதான் அவர் திரும்பி வந்தார்.

வெயில் இல்லாமலே எப்படி மயக்கம் வருகிறது?

நம் உடம்பும் ஓர் அடுப்பு மாதிரிதான். வேலை செய்தாலும் ஓடினாலும் தசைகளில் சூடு உண்டாகும். அந்தச் சூட்டை வெளியே தள்ளுவதற்குத்தான் வியர்வை. ஆனால் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. அந்த வியர்வை காற்றில் காய வேண்டும். காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதுதான் காரணம். நம் தோலிலும் அதே கதைதான். வேலூர்ப் பக்கம் வெயில் நெருப்பாகக் கொளுத்தும், ஆனால் காற்று வறண்டது, வியர்வை காய்ந்துவிடும். நம் தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பகுதிகளில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று. வியர்வை சொட்டுகிறதே தவிரக் காய்வதில்லை. சொட்டும் வியர்வையால் உடம்பில் தண்ணீர்தான் குறையும், சூடு குறையாது.

ஒரு கணக்கு பாருங்கள். 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், நிழலில் நிற்பவருக்கே அது சுமார் 40 டிகிரி போலத் தெரியும். வெயிலில் ஓடினால் இன்னும் கூடும். அதனால் வெயில் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. புழுக்கம் எவ்வளவு, காற்று அடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி வரை போனது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் யாரும் ஓட மாட்டோம், பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவோம். ஏமாற்றுவது மார்ச், செப்டம்பர் போன்ற மாதங்கள்தான். வெயில் பரவாயில்லை என்று நினைத்து இறங்கிவிடுகிறோம். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெள்ளம், புயல் போலவே வெப்பமும் உயிரை எடுக்கும் என்பது அதன் பொருள்.

அப்படியானால் ஓடவே வேண்டாமா?

வேண்டும். அந்த அக்காவே இதைத்தான் சொன்னார். "விழுந்ததுக்காக வீட்டுல உட்கார்ந்துட்டா, சர்க்கரை என்னைத் தின்னுடும்."

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போன்ற உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தினம் அரை மணி நேரம், வாரம் 5 நாள். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, மன உளைச்சல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அது நல்லது. வீட்டு வேலையும் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று நம்மில் பலர் தையல் மெஷினிலும் கம்பெனி நாற்காலியிலும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறோம். கையும் முதுகும் வலிக்கிறது, இதயத்துக்கு வேலை இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்த பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழு உறுப்பினர்கள்தான். ஊரில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு அறிவித்துத் தொடங்கியதும் இந்த நோய்களைக் குறைக்கத்தான்.

"பொம்பளைங்க ஓடினா சிரிப்பாங்க" என்பது இன்னொரு தடை. இது நம் ஊரில் மட்டும் இல்லை. 1928 ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துக் களைத்துப்போனதைப் பார்த்து, "பெண் உடம்பு தாங்காது" என்று சொல்லி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்பக் கொண்டுவர 1960 ஆனது. பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் வந்தது 1984இல்தான். அதே 1984இல் கேரளத்துப் பி.டி. உஷா, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓட வைத்தார்.

அவ்வளவு தூரம் போவானேன். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரியில் வெறுங்காலோடு நம்மில் எத்தனை பேர் சுற்றி வந்திருக்கிறோம்! நடக்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். வெயில் தாழ்ந்து ராத்திரியில் நடப்பதுகூட நம் பெரியவர்கள் கண்ட நல்ல வழிதான்.

தொடங்குவதற்கு முன்

கீழே உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்:

- சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள்
- மாடி ஏறினால் நெஞ்சு வலியோ அதிக மூச்சுத் திணறலோ வருபவர்கள்
- கர்ப்பிணிகள், பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள்
- ரத்த சோகை உள்ளவர்கள்

கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. இரண்டில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். அது குறைவாக இருந்தால் கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும், கண் இருட்டும். முதலில் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, முட்டை. பிறகு ஓட்டம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் வெறும் வயிற்றில் ஓடவே கூடாது. இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முந்தானையில் நாலு சாக்லேட்டாவது கொஞ்சம் சர்க்கரையாவது முடிந்து வைத்திருங்கள். கை நடுங்கி, குளிர் வியர்வை வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

குழுவில் சேர்ந்த முதல் வாரமே யாருக்கும் லட்ச ரூபாய் கடன் கொடுப்பதில்லை. முதலில் சேமிப்பு, பிறகு சிறு கடன், அதை ஒழுங்காகக் கட்டிய பிறகு பெரிய கடன். உடம்புக்கும் அதே விதிதான். புழுக்கத்துக்கு உடம்பு பழகவே 10 முதல் 14 நாள் ஆகும்.

- 1, 2ஆம் வாரம்: சமதளத்தில் 20 நிமிடம் நடை மட்டும். வாரம் 5 நாள்.
- 3, 4ஆம் வாரம்: 30 நிமிடம் நடை. நடுவில் கொஞ்சம் மேடு சேர்த்துக்கொள்ளலாம்.
- 5, 6ஆம் வாரம்: 1 நிமிடம் மெதுவான ஓட்டம், 2 நிமிடம் நடை. இதையே ஏழு முறை.
- 7, 8ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இதையே ஆறு முறை. மேடு வந்தால் ஓட வேண்டாம், நடந்தே ஏறுங்கள்.

வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். நடந்தே போதும் என்பவர்கள் நடையிலேயே நிற்கலாம், அதுவும் முழுப் பலன்தான்.

மேட்டுப் பாதையில்

நம் பகுதி சமவெளி என்று பெயர்தான். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் மலை, திருநீர்மலை, தாம்பரம் பச்சைமலை, வண்டலூர் என்று வழியெல்லாம் குன்றுகள். பச்சைமலையடியில்தான் 1928இல் காசநோயாளிகளுக்காகச் சானடோரியம் கட்டினார்கள். இன்றும் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான்.

ஏறும்போது: சின்னச் சின்ன அடியாக வையுங்கள். உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கலாம், இடுப்பை மடிக்கக் கூடாது. கைகளை வீசுங்கள். தரையை மட்டும் பார்க்காமல் பத்தடி முன்னால் பாருங்கள்.

இறங்கும்போது: இதில்தான் முழங்கால் கெடுகிறது. ஏறுவது மூச்சுக்கு வேலை, இறங்குவது மூட்டுக்கு வேலை. வேகமாக இறங்காதீர்கள், முழங்காலை லேசாக மடக்கியே வைத்துச் சின்ன அடியாக இறங்குங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் படிக்கட்டு இறங்குவதைத் தவிர்த்துச் சரிவான சாலையில் வரலாம்.

பழைய கல்குவாரிப் பள்ளங்கள் பக்கம் போகவே வேண்டாம். மழைத் தண்ணீர் தேங்கி ஆழம் தெரியாது, ஓரத்து மண்ணும் சரியும். ஜி.எஸ்.டி. சாலையிலும் வேண்டாம். ஏரிக்கரை, பள்ளி மைதானம், ஊர் உள்தெரு போதும்.

உடையும் செருப்பும்

ஹவாய்ச் செருப்பு மேட்டில் வழுக்கும். கேன்வாஸ் ஷூவோ, பின்பட்டை உள்ள செருப்போ போதும். வசதியான பருத்திச் சுடிதார் நல்லது. சேலைதான் என்றால் கொஞ்சம் ஏற்றிக் கட்டிக்கொண்டு நடக்கலாம், ஓட வேண்டாம். உள்ளாடை நன்றாகத் தாங்கிப் பிடிப்பதாக இருக்கட்டும், இல்லையென்றால் மார்பு வலிக்கும். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

மாதவிடாய் நாளில் நடக்கலாமா, ஓடலாமா என்று பலர் தனியாக வந்து கேட்கிறார்கள். உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாகச் செய்யலாம். ஓடினால் சிறுநீர் கசிகிறது என்று சொல்ல வெட்கப்பட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிரசவமான பெண்களுக்கு இது சகஜம், அடிவயிற்றுத் தசைகளுக்குப் பயிற்சி உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தண்ணீரும் உப்பும்

கழிவறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நம் பெண்களின் பெரிய பிரச்சினை. கிளம்புவதற்கு அரை மணி முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வந்த பிறகு நீர்மோரோ உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ குடியுங்கள். சிறுநீர் மஞ்சளாக அடர்ந்து போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அதற்காக ஒரே மூச்சில் சொம்பு சொம்பாக வெறும் தண்ணீர் குடிப்பதும் தவறு. உடம்பில் உப்பு குறைந்து அதுவே மயக்கம் தரும்.

அதிகமாக வியர்த்துக் களைத்தால்: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீர், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த நோய் உள்ளவர்கள் இதைத் தினமும் குடிக்க வேண்டாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவை முதல் எச்சரிக்கை. அப்போதே நிறுத்தி நிழலில் உட்கார வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று போகக் கூடாது.

பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் உளறினாலோ, வலிப்பு, மயக்கம் வந்தாலோ அது உயிருக்கே ஆபத்து. அப்போது:

1. ஒருவர் 108க்குப் போன் செய்யுங்கள்.
2. நிழலுக்குக் கொண்டுபோய் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கூட்டம் போடாதீர்கள்.
3. உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது.
4. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா, காபி எதுவும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும்.

மகள்களுக்கும் ஒரு வார்த்தை

போலீஸ் வேலைக்குத் தயாராகும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டப் பயிற்சி எடுக்கிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் அண்மை ஆண்டுகளில் பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம், இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இருந்தது. அறிவிப்பு வந்ததும் கடைசி மாதத்தில் உயிரைக் கொடுத்து ஓடுவதைவிட, மூன்று மாதம் முன்பே மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். எழுத்துத் தேர்வுக்குப் படிப்பது போலத்தான் இதுவும். "பொண்ணு இருட்டுல ஓடப் போறா" என்று பயந்து தடுப்பதற்குப் பதில் அம்மாவும் கூடவே நடக்கலாமே.

குழுவாகப் போவோம்

தனியாகப் போனால் நாய்க்குப் பயம், இருட்டுக்குப் பயம், பேச்சுக்குப் பயம். ஐந்து பேர் சேர்ந்து போனால் எதுவும் பெரிதாகத் தெரியாது. வெளுப்பு வந்த பிறகு கிளம்பி ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள். விடியற்காலையில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் காற்றில் ஈரப்பதம் அதிகம், அதனால் மெதுவாகவே தொடங்குங்கள். ஒருவராவது செல்போன் எடுத்துப் போங்கள். யாராவது தொந்தரவு செய்தால் 181க்குச் சொல்லலாம்.

அந்த அக்கா இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். முதலில் நான்கு பேரோடு ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தார். இன்று ஏழு பேர். வீட்டுக்காரர் முதல் வாரம் பின்னாலேயே சைக்கிளில் வந்து பார்த்தார். இப்போது அவரே காலையில் அலாரம் வைக்கிறார். அக்கா ஓடுவதில்லை, வேகமாக நடக்கிறார். மருத்துவர் சொன்னபடி மாத்திரையும் தொடர்கிறார்.

எங்கள் கூட்டமைப்பும் ஒரு தீர்மானம் போட்டது. விளையாட்டுப் போட்டி எதுவானாலும் காலை 8 மணிக்குள் முடிய வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான். கழிவறை, குடிதண்ணீர், நிழல் மூன்றும் இல்லாத இடத்தில் போட்டி கிடையாது. ஓடுபவர் ஒவ்வொருவரையும், "சாப்பிட்டீங்களா? என்ன மாத்திரை போடறீங்க?" என்று கேட்ட பிறகே பெயர் எழுத வேண்டும். சிறப்பு விருந்தினர் தாமதமானால் அவர் பரிசளிப்புக்கு வந்தால் போதும்.

கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் கடந்த ஆறு மாதத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்க்காதவர்கள் எந்தத் தேதியில் போகப் போகிறார்கள்?
2. நம் ஊரில் பெண்கள் பயமில்லாமல் நடக்க எந்த இடம் ஏற்றது? அங்கே தெருவிளக்கு, கழிவறை வேண்டும் என்று கிராம சபையில் யார் பேசுவது?
3. உப்பு-சர்க்கரைக் கரைசலை ஒருவர் எல்லோர் முன்னாலும் கலந்து காட்டட்டும். ஒருவர் மயங்கி விழுந்தது போல நடிக்கட்டும், மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று பாருங்கள்.
4. மேலே சொன்ன போட்டித் தீர்மானத்தை உங்கள் குழுத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதுவீர்களா?

பேசியதை எழுதி அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நாங்களும் வருகிறோம். முடிந்தால் நடந்தே.